ஆயுத பூஜைக்கு முன் டிபியைத் திறந்து பாருங்கள்: அடுக்குமாடி மின் பலகைப் பராமரிப்பு, படிப்படியாக

புரட்டாசி மாதம் வந்துவிட்டால் நம் கட்டடங்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வாட்ச்மேன், ஸ்டில்ட் தளத்தில் இருக்கும் மெயின் பேனலின் கதவைத் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கைப்பிடியில் ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றுவார். கதவின் வெளிப்பக்கம் பளிச்சென்று இருக்கும். உட்பக்கத்தைப் பல கட்டடங்களில் குடிபுகுந்த நாளுக்குப் பிறகு ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் மின் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். சென்னையில் ஒரு கட்டடத்துக்குக் கோடை இரவு ஒன்றில் கூப்பிட்டார்கள். சில வீடுகளில் விளக்கு மங்கலாக எரிகிறது, சில வீடுகளில் டிவியும் ஃப்ரிட்ஜும் புகைகிறது என்றார்கள். மெயின் பேனலைத் திறந்தால், நியூட்ரல் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் நியூட்ரல் லிங்கில் ஒரு போல்ட் கருகி, அதைச் சுற்றிய கேபிள் உறை உருகித் தொங்கியது. சப்ளையை நிறுத்திவிட்டுத் தொட்டேன். ஸ்பேனரே தேவைப்படவில்லை, இரண்டு விரலால் கழன்று வந்தது. அந்த போல்ட் ஒரே நாளில் தளர்ந்திருக்காது. வருடக்கணக்காகச் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருக்கும். நடுவில் ஒரே ஒரு முறை யாராவது கதவைத் திறந்திருந்தால் போதும், அத்தனை வீட்டுப் பொருளும் தப்பித்திருக்கும்.

டிபி, அதாவது மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூஷன் போர்டு, பெரும்பாலும் இணைப்புகளில்தான் சாகிறது. சுவிட்ச் கெடுவதும் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக இறங்கும் பிரேக்கர்) பழுதாவதும் அதற்குப் பிறகுதான். கீழே சொல்லும் வேலைகளில் முக்கால்வாசி, அந்த இணைப்புகள் சூடாகாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

யார் எதைத் தொடலாம்

முதலில் எல்லையைக் கோடு போட்டுக்கொள்வோம். டிபியின் வெளிக்கதவைத் திறந்து எம்சிபி வரிசையைப் பார்ப்பது, மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துவது, கருகல் வாசனை வருகிறதா என்று கவனிப்பது, நோட்டில் எழுதுவது ஆகியவற்றை வீட்டில் இருக்கும் பெரியவர்கள் யாரும் செய்யலாம். திருகு போட்டு மூடியிருக்கும் உள்தகட்டைக் கழற்றுவதிலிருந்து எல்லாமே சான்றிதழ் பெற்ற மின்கம்பியாளரின் வேலை. "எங்க மாமாவுக்குக் கொஞ்சம் தெரியும்" என்பது இந்த இடத்தில் செல்லாது.

மீட்டருக்கும் அதற்கு முன்னால் இருக்கும் ஃபியூஸ் கட்-அவுட்டுக்கும் ஈபி சீல் இருக்கும். அதை நீங்களும் தொடக்கூடாது, உங்கள் எலக்ட்ரீஷியனும் தொடக்கூடாது. அங்கே சூடோ கருகலோ தெரிந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். மீட்டருக்குப் பிறகு வருவதெல்லாம் உங்கள் பொறுப்பு.

இந்த வழிகாட்டி குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கும், வேலை செய்ய வரும் எலக்ட்ரீஷியனுக்கும் சேர்த்து எழுதியது. செயலாளர் ஸ்பேனர் பிடிக்க வேண்டாம். ஆனால் என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான், வந்தவர் கதவைத் துடைத்துவிட்டு பில் கொடுக்கும்போது கேள்வி கேட்க முடியும்.

எப்போது செய்வது

வருடத்துக்கு இரண்டு முறை. ஏசி எல்லாம் ஓடத் தொடங்கும் முன் பங்குனியில் ஒன்று, ஐப்பசி மழை பிடிக்கும் முன் புரட்டாசியில் ஒன்று. முதலாவது லோடுக்காக, இரண்டாவது ஈரத்துக்காக. கடற்கரையை ஒட்டிய கட்டடங்களில் உப்புக்காற்று செம்பில் பச்சை பூக்க வைத்துவிடும், திருகுகளைத் துருவாக்கிவிடும். அங்கே மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது. ஒரு முறைதான் முடியும் என்கிற சங்கங்கள் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியும் அன்றைக்குப் பேனல் பக்கம் போகத்தான் போகிறீர்கள்.

படி 1: மின்சாரம் ஓடும்போதே பாருங்கள்

பலரும் வந்தவுடன் மெயினை இறக்கிவிட்டுத் திருக ஆரம்பிப்பார்கள். அது தப்பு. நோயாளி நடமாடும்போதுதான் நாடி பார்க்க வேண்டும். லோடு இல்லாத இணைப்பு எவ்வளவு தளர்ந்திருந்தாலும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும்.

எனவே வேலை நாளுக்கு முந்தைய இரவு, எட்டு மணிக்கு மேல், வீடுகளில் ஏசியும் கட்டடத்தில் மோட்டாரும் ஓடும் நேரத்தில் பேனலுக்கு முன்னால் நில்லுங்கள். காலடியில் ரப்பர் மேட் இருக்க வேண்டும். மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கையில் கட்டிய கோயில் கயிறு ஈரமாக இருந்தால் அதையும்தான். முதலில் மூக்கு, காது, பிறகு கருவி. கருகிய பிளாஸ்டிக் வாசனையும் அழுகிய மீன் போன்ற வாசனையும் சூடான இணைப்பின் அடையாளங்கள். "ர்ர்ர்" என்ற மெல்லிய இரைச்சல் தளர்ந்த இணைப்பிலிருந்தோ மோட்டாரை ஓட்டும் காண்டாக்டர் சுவிட்சிலிருந்தோ வரும். நொறுநொறுவென்று பொரிவது போலக் கேட்டால் உள்ளே தீப்பொறி விழுகிறது. அன்றைக்கே நிறுத்துங்கள்.

உள்தகட்டைக் கழற்றி அளப்பது இந்தப் படியில் தேவைப்படும். உயிருள்ள பஸ்பாருக்கு (பலகைக்குள் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் உலோகப் பட்டை) முன்னால் நிற்கிற வேலை என்பதால் அனுபவமுள்ள மின்கம்பியாளர் மட்டும், பக்கத்தில் இன்னொருவரை நிறுத்திக்கொண்டு செய்ய வேண்டும். அளக்க வேண்டியவை மூன்று.

கம்பியைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரால் ஒவ்வொரு ஃபேஸிலும் நியூட்ரலிலும் ஓடும் ஆம்பியரை எடுத்து எழுதுங்கள். ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில் ஆர்-ல் 60, ஒய்-யில் 22, பி-யில் 25 என்று வந்தால் லோடு சமமாகப் பிரியவில்லை என்று அர்த்தம். மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால் நியூட்ரலில் ஓடுவது சொற்பம். ஒன்று ஏறினால் அந்த மிச்சம் முழுக்க நியூட்ரல் வழியாகத்தான் திரும்ப வேண்டும். வீடுகளில் ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் வைத்திருக்கிறோமே, அதன் ஆபத்தும் இதுதான். ஒரு ஃபேஸ் போனதும் அந்த வீட்டு லோடை இன்னொன்றுக்குத் தள்ளுகிறோம். போன ஃபேஸ் திரும்பி வந்த பிறகும் பலர் பழைய இடத்துக்கு மாற்றுவதில்லை. மாதக்கணக்கில் ஒரே ஃபேஸ் மூன்று பேர் சுமையைச் சுமக்கும்.

இரண்டாவது, வோல்டேஜ். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் ஏறத்தாழ 230 வோல்ட், ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையில் ஏறத்தாழ 400 முதல் 415. ஒரு ஃபேஸில் 180, இன்னொன்றில் 270 என்று காட்டினால் மேற்கொண்டு எதையும் அளக்காதீர்கள். நியூட்ரல் எங்கோ விட்டுக்கொண்டிருக்கிறது. உடனே மெயினை இறக்குங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒன்றிரண்டு வோல்ட் இருப்பது இயல்பு. ஐந்துக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும்.

மூன்றாவது, சூடு. தெர்மல் கேமரா வாடகைக்குக் கிடைக்கிறது. பெரிய கட்டடங்கள் வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துவிடலாம். சின்னக் கட்டடத்துக்குக் கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரே போதும். ஆனால் இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. பளபளக்கும் செம்பும் அலுமினியமும் கண்ணாடி மாதிரி, தன் சூட்டைக் காட்டாமல் எதிரே நிற்கும் உங்கள் உடம்புச் சூட்டைத் திருப்பிக் காட்டும். பஸ்பார் கொதித்துக்கொண்டிருந்தாலும் கருவி 38 டிகிரி என்று சொல்லும். அதனால் உலோகத்தைக் குறி பார்க்காமல், இணைப்புக்கு ஒட்டியுள்ள கேபிள் உறையையோ எம்சிபியின் பிளாஸ்டிக் உடலையோ குறி பாருங்கள். ஒரே அளவு லோடு ஓடும் இரண்டு எம்சிபிகளை ஒப்பிட்டு, ஒன்று மற்றதைவிட 15 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் நாளைக்குத் தள்ளாமல் கவனிக்க வேண்டிய இடம் அது. நான்கைந்து டிகிரி வித்தியாசம் என்றால் குறித்துக்கொண்டு, படி 4-ல் முதல் ஆளாக அதைப் பாருங்கள்.

படி 2: நிறுத்துங்கள், நின்றுவிட்டதென்று நிரூபியுங்கள்

மெயின் இறங்கிவிட்டது என்பதும் பலகையில் கரண்ட் இல்லை என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். இன்றைய கட்டடத்துக்கு நாலு பக்கமிருந்து மின்சாரம் வரும்: ஈபி, ஜெனரேட்டர், வீட்டு இன்வெர்ட்டர், மாடியில் இருக்கும் சோலார். ஈபி போனவுடன் தானாக ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டரை மேனுவலுக்கு மாற்றி, அதன் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். வீட்டு டிபியில் வேலை என்றால் இன்வெர்ட்டரை அணைப்பதோடு நிற்காமல் அதன் அவுட்புட்டைப் பிடுங்கி வையுங்கள். சோலார் இன்வெர்ட்டரின் ஏசி பக்கத்து பிரேக்கரையும் இறக்குங்கள்.

அறிவிப்பு முந்தின நாளே போக வேண்டும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருக்கும் வீடு, இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கும் வீடு எது என்று செயலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். லிஃப்ட்டைக் கீழே இறக்கி, கதவைத் திறந்து, உள்ளே யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சப்ளையை நிறுத்த வேண்டும்.

நிறுத்திய பிரேக்கருக்குப் பூட்டு போட்டு, "ஆள் வேலை செய்கிறார், போடாதீர்கள்" என்று தமிழில் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். பூட்டின் சாவி வேலை செய்பவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும், வாட்ச்மேனிடம் அல்ல. "யாரோ மெயினை ஆஃப் பண்ணிட்டாங்க" என்று நல்ல மனதோடு போட்டுவிடும் மனிதர் எல்லாக் கட்டடத்திலும் ஒருவர் உண்டு.

பிறகு சோதனை. லைட் எரியும் டெஸ்டரை இதற்கு நம்பாதீர்கள். நல்ல செருப்போடு உலர்ந்த தரையில் நின்றால் உயிருள்ள கம்பியில்கூட அது மங்கலாகத்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. மல்டிமீட்டரை எடுத்து, முதலில் கரண்ட் இருக்கும் வேறு இடத்தில் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். அடுத்து பலகையில் ஒவ்வொரு ஃபேஸையும் மற்ற ஃபேஸோடும் நியூட்ரலோடும் எர்த்தோடும், நியூட்ரலை எர்த்தோடும் வைத்துப் பாருங்கள். எல்லாம் பூஜ்யம் என்றால் மறுபடி அந்த வேறு இடத்துக்குப் போய் மீட்டர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றாவது நடை பலருக்கு வீண் வேலையாகத் தோன்றும். நடுவில் மீட்டரின் ஃபியூஸ் போயிருந்தால் அது எல்லா இடத்திலும் பூஜ்யம்தான் காட்டும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பேனலில் கெபாசிட்டர் இருந்தால் சப்ளை போன பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். சில நிமிடம் விட்டு, அதையும் அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள்.

படி 3: சுத்தம்

வேக்குவம் கிளீனரும் உலர்ந்த பிரஷ்ஷும் போதும். ஈரத்துணி கூடாது. பிளோயர் வைத்து ஊதினால் தூசி எம்சிபிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய் ஸ்பிரே அடித்தால் இன்று பளபளக்கும், ஆறு மாதத்தில் அதன் மேல் தூசி அப்பிக்கொண்டு நிற்கும்.

நம் ஊர்ப் பலகைக்குள் குடியிருப்பவர்கள் பல்லி, எறும்பு, குளவி. பல்லி இரண்டு ஃபேஸுக்கு நடுவில் பாலம் போட்டுப் பெரிய ஷார்ட்டை உண்டாக்கிவிடும். குளவியின் மண்கூடு மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இவற்றை எடுத்துப் போட்டால் மட்டும் போதாது, வந்த வழியை அடைக்க வேண்டும். பயன்படாத கேபிள் துளைகளுக்கு மூடி போடுங்கள், பயன்படும் துளைகளுக்குக் கிளாண்டோ ரப்பர் குரோமெட்டோ போடுங்கள். தகரத்தின் கூரிய விளிம்பில் உரசிக்கொண்டு நுழையும் கேபிள் ஒரு நாள் உறை கிழிந்து பலகையின் உடம்புக்கே கரண்ட் கொடுக்கும்.

பலகையின் மேலே, பக்கத்தில், கீழே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். துடைப்பம், பழைய பேப்பர் கட்டு, பெயின்ட் டப்பா, தண்ணீர் கேன், வாட்ச்மேனின் சைக்கிள் எல்லாம் அங்கிருந்து போக வேண்டும். வீடுகளில் டிபி மேல் காலண்டர் மாட்டுவதும், அதை மறைத்து அலமாரி செய்வதும் வழக்கமாகிவிட்டது. ராத்திரி ஷார்ட் ஆனால் ஐந்து விநாடியில் கை எட்ட வேண்டிய இடம் அது. பொட்டு வைப்பது வெளிக்கதவில் இருக்கட்டும், தீர்த்தம் தெளிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

படி 4: இணைப்புகள்

இந்த வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கம்பியும் திருகும் சரியாக ஒட்டாத இடத்தில் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். கேட்க அற்பமாக இருக்கும். அதன் வழியாக 20 ஆம்பியர் ஓடினால், 20 பெருக்கல் 20 பெருக்கல் 0.05, ஆக 20 வாட் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதாவது ஈயத்தை உருக்கும் கருவி ஒன்றை எம்சிபியின் வாயில் சொருகி, ஏசி ஓடும் இரவு முழுக்க விட்டுவைத்த மாதிரி. அந்தச் சூட்டில் செம்பு கறுக்கும், கறுத்தால் தடை ஏறும், தடை ஏறினால் சூடு இன்னும் ஏறும்.

ஒவ்வொரு திருகையும் வரிசையாகப் பாருங்கள். எதையும் திருகுவதற்கு முன் கம்பியை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஆடுகிறதென்றால் அந்த இடத்தை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வருடமும் அதே இடம் ஆடினால் திருகை மாற்ற வேண்டும், கம்பி முனையில் அழுத்தி மாட்டும் லக்கை மாற்ற வேண்டும். இறுக்குவதற்கு, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது எம்சிபியின் பக்கவாட்டிலோ அதன் தாளிலோ போட்டிருக்கும். வீட்டு எம்சிபிகளில் இது 2 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். பலம் இருக்கிறதென்று முறுக்கினால் மரை வழுக்கும், கம்பி இழைகள் நசுங்கி அறுபடும், எம்சிபியின் உடலே கீறல் விடும். அதிகமாக இறுக்கிய இணைப்பும் தளர்ந்த இணைப்பின் கதிக்குத்தான் போய்ச் சேரும். இறுக்கி முடித்ததும் திருகின் தலையிலிருந்து உடல் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் திருகு அசைந்திருக்கிறது.

இறுக்கிக்கொண்டே கவனிக்க வேண்டியவை: கம்பியின் உறையும் சேர்ந்து திருகுக்குள் மாட்டியிருக்கிறதா? அப்படியென்றால் திருகு பிடித்திருப்பது பிளாஸ்டிக்கை. ஒரே துளைக்குள் தடிமன் வேறான இரண்டு கம்பிகள் இருக்கின்றனவா? பெரியதுதான் பிடிபடும், சின்னது சும்மா நிற்கும். துளைக்குள் போகவில்லை என்று ஏழு இழையில் மூன்றை வெட்டிவிட்டார்களா? இதை நான் பார்த்த தடவைகளுக்குக் கணக்கில்லை. 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் வாங்கப் பணம் கொடுத்துவிட்டுக் கடைசி ஒரு சென்டிமீட்டரில் அதை 2.5 ஆக்கிக்கொள்கிறோம்.

கறுத்துப்போன கம்பியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டாதீர்கள். செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை வெட்டியெறியுங்கள். நீளம் போதவில்லை என்றால் முறையான கனெக்டர் போட்டு நீட்டுங்கள், முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பு ஆகாது. அந்த எம்சிபியையும் மாற்றுங்கள். வாய் கருகிய எம்சிபிக்குள் இருக்கும் ஈருலோகத் தகடும் அந்தச் சூட்டை வாங்கியிருக்கும். அது டிரிப் ஆகும் அளவு இனி நம்பத்தக்கதல்ல.

அலுமினியக் கேபிளுக்குத் தனிக் கவனம் வேண்டும். அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல மெல்ல நகர்ந்து இடம் கொடுத்துவிடும், காற்று பட்டால் மேலே ஓர் ஆக்சைடு படலம் படியும், செம்போடு நேராகச் சேர்த்தால் ஈரத்தில் அரிக்கும். பைமெட்டல் லக், ஜாயின்ட் பேஸ்ட், சரியான அளவு கிரிம்பிங் டூல் ஆகிய மூன்றும் இல்லாமல் அந்த இணைப்பை எடுக்காதீர்கள். சுத்தியலால் தட்டிய லக் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும்.

கடைசியாக நியூட்ரல் லிங்க். ஃபேஸ் இணைப்பு விட்டால் ஒரு வீட்டில் விளக்கு அணையும், அவ்வளவுதான். மூன்று ஃபேஸ் பலகையில் மெயின் நியூட்ரல் விட்டால் வீடுகள் ஒன்றோடொன்று தொடராகக் கோத்துக்கொண்டு 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு குறைவாக ஓடும் வீட்டுக்குத்தான் அதிக வோல்டேஜ் போகும். ஊருக்குப் போனவர் வீட்டில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜ் முதல் பலி. எம்சிபி இதைத் தடுக்காது, அது ஆம்பியரைத்தான் பார்க்கும். ஆகவே நியூட்ரல் பக்கத்து ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு முறை பாருங்கள். எர்த் லிங்கையும் அதே மரியாதையோடு நடத்துங்கள். கதவுக்கும் பெட்டிக்கும் இடையில் பச்சைக் கம்பி ஒன்று இருக்க வேண்டும், பெயின்ட் அடித்தவர் கழற்றிவிட்டு மாட்டாமல் போயிருப்பார்.

படி 5: எம்சிபியும் கம்பியும் பொருந்துகின்றனவா

எம்சிபி காப்பது கம்பியை, ஏசியை அல்ல. இந்த ஒன்று பிடிபட்டால் இந்தப் படி எளிது. 2.5 ஸ்கொயர் செம்பு ஒயருக்கு 16 அல்லது 20 ஆம்பியர், 1.5 ஸ்கொயர் லைட் லைனுக்கு 6 அல்லது 10 ஆம்பியர் என்று இருக்கும். ஏசி போட்டால் டிரிப் ஆகிறது என்று சொன்னவுடன் 20-ஐ எடுத்துவிட்டு 32 போட்டுக் கொடுக்கிற கை நம்மிடம் உண்டு. டிரிப் நின்றுவிடும். இனி கம்பிதான் ஃபியூஸ், அதுவும் சுவருக்குள். 32 ஆம்பியர் எம்சிபி, 36 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் ஓடினாலும் டிரிப் ஆகத் தேவையில்லை என்பதுதான் அதன் தர விதி. 46 ஆம்பியர் தாண்டினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும்.

டிரிப் ஆகிறதென்றால் முதலில் ஆம்பியரை அளங்கள். 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழேதான் எடுக்கும். அளவு சரியாக இருந்தும் இறங்கினால் எம்சிபி வாயில் தளர்ந்த இணைப்பின் சூடு உள்ளே ஏறுகிறதா என்று பாருங்கள். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் மட்டும் இறங்கினால் அது பி வகையா சி வகையா என்று பாருங்கள். பி வகை தன் அளவைப் போல மூன்றிலிருந்து ஐந்து மடங்கில் உடனே இறங்கும், சி வகை ஐந்திலிருந்து பத்து மடங்கில். மோட்டாருக்கும் ஏசிக்கும் சி வகை. பழைய கட்டடத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை இன்னும் இருந்தால், அதில் செம்புக் கம்பியை இரட்டையாகச் சுற்றி வைத்திருப்பார்கள். அதை மாற்றும் செலவைச் சங்கக் கூட்டத்தில் வைத்து அந்த வருடமே முடித்துவிடுங்கள்.

படி 6: மெகர்

கம்பி உறையின் ஆரோக்கியத்தை 500 வோல்ட் டிசி மெகர் என்ற இன்சுலேஷன் சோதனைக் கருவி சொல்லும். எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, ஆர்சிசிபியையும் திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரையும் சர்க்யூட்டிலிருந்து விலக்கி, ஒவ்வொரு சர்க்யூட்டின் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி, எர்த்துக்கு எதிராக அளங்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டுவது எதற்கென்றால், எங்காவது எல்இடி விளக்கு மாட்டியபடி விடுபட்டிருந்தால் அதற்குள் 500 வோல்ட் பாயாமல் இருக்க. 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த சர்க்யூட்டுக்குச் சப்ளை கொடுக்கக் கூடாது. நல்ல உலர்ந்த ஒயரிங் நூற்றுக்கணக்கில் காட்டும். போன வருடம் 200, இந்த வருடம் 8 என்றால் விதிப்படி தேறிவிட்டாலும் எங்கோ சுவரில் ஈரம் இறங்குகிறது. மொட்டை மாடி விளக்கும் காம்பவுண்ட் விளக்கும்தான் பெரும்பாலும் இப்படி வரும்.

படி 7: சப்ளை கொடுத்து ஆர்சிசிபியைச் சோதியுங்கள்

கருவி எதுவும் உள்ளே விட்டுவிடவில்லை என்று எண்ணிப் பார்த்து, உள்தகட்டை மூடி, பூட்டை அதைப் போட்டவரே எடுத்து, எல்லா எம்சிபியும் இறங்கிய நிலையில் மெயினை ஏற்றுங்கள். வோல்டேஜ் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியருடையதாக இருக்க வேண்டும். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. 15-லிருந்து 30 மில்லி ஆம்பியருக்குள் வித்தியாசம் வந்தால் இறங்கிவிடும். 30-ல் 0.3 விநாடிக்குள் இறங்க வேண்டும். டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை வீட்டுக்காரரே அழுத்திப் பார்க்கலாம், மின்கட்டணம் கட்டும் நாளையோ அமாவாசையையோ அடையாளமாக வைத்துக்கொண்டால் மறக்காது. அழுத்தியும் இறங்கவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். ஆனால் பட்டன், கருவிக்குள் இருக்கும் இயந்திரம் சிக்கிக்கொள்ளவில்லை என்று மட்டும்தான் சொல்லும். எத்தனை மில்லி ஆம்பியரில் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதை ஆர்சிடி டெஸ்டர் வைத்துத்தான் அறிய முடியும், வருடத்துக்கு ஒரு முறை அது வேண்டும். எர்த் அறுந்திருந்தாலும் பட்டன் வேலை செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம்.

"அடிக்கடி இறங்குது" என்று ஆர்சிசிபியை விட்டுவிட்டு லைனை நேராகப் போட்டுக் கொடுத்திருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். அது இறங்குவதற்குப் பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம் இருக்கும். கீசரின் ஹீட்டிங் காயில் ஓட்டையாகியிருக்கும், வெளி விளக்கில் தண்ணீர் புகுந்திருக்கும், அல்லது இன்வெர்ட்டர் மாட்டியவர் நியூட்ரல்களை ஒன்றாகக் கலந்திருப்பார். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினால் முதல் இரண்டும் பெரும்பாலும் மாட்டிவிடும். மூன்றாவதுக்கு நியூட்ரல் லிங்கில் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், அரை நாள் ஆகும். அந்த அரை நாள் கூலிக்குத் தயங்காதீர்கள்.

படி 8: எர்த்

எர்த் குழியைக் கோடையில் அளங்கள். மழைக்காலத்தில் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் காட்டும். 5 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. மூடியைத் திறந்து, கிளாம்ப் துருப்பிடித்திருந்தால் மாற்றி, குழாயில் தண்ணீர் ஊற்றுங்கள். டைல்ஸ் போட்டு மூடியே போனதென்றால் வரைபடத்தை எடுத்துத் தேடித் தோண்டுங்கள்.

எர்த் நன்றாக இருந்தால் ஆர்சிசிபி எதற்கு என்று கேட்பார்கள். 5 ஓம் எர்த்தில் 230 வோல்ட் கசிந்தால் ஓடுவது 46 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்சிபி அதைச் சாதாரண ஓவர்லோடாகத்தான் எடுத்துக்கொள்ளும், இறங்க ஒரு நிமிடம் போல ஆகலாம். அந்த நேரம் முழுக்க வாஷிங் மெஷினின் உடம்பில் கரண்ட் இருக்கும்.

வெள்ளம் புகுந்த பலகை

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ ஸ்டில்ட் தளங்களில் மீட்டர் போர்டு வரை தண்ணீர் நின்றது. தண்ணீர் ஏறத் தொடங்கும்போதே, பலகை இருக்கும் இடம் உலர்ந்திருக்கையில், மெயினை இறக்குங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு எதையும் தொடாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லி வெளியிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். வடிந்த பிறகு பஸ்பாரையும் பெட்டியையும் கழுவி உலர்த்தி, மெகர் பார்த்துப் பயன்படுத்தலாம். மூழ்கிய எம்சிபி, ஆர்சிசிபி, எம்சிசிபி (பெரிய அளவு பிரேக்கர்) எதையும் வெயிலில் காய வைத்து மறுபடி போடக் கூடாது. உள்ளே படிந்த சேறும் உப்பும் காயாது, அடுத்த ஷார்ட்டில் அவை இறங்காமல் நின்றுவிடும். இப்போதே முடிந்தால் பலகையை வெள்ள மட்டத்துக்கு மேல் தூக்கி வைக்கும் வேலையைத் தொடங்குங்கள்.

படி 9: எழுதி வையுங்கள்

ஒவ்வொரு எம்சிபிக்கும் எதிரே எது எதற்கு என்று தமிழில் ஒட்டுங்கள்: "சமையலறை பிளக்", "மோட்டார்", "பாட்டி ரூம் ஏசி". கதவின் உட்பக்கத்தில் சர்க்யூட் படம், வேலை நடந்த தேதி, செய்தவர் பெயர். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அன்றைய ஆம்பியர், வோல்டேஜ், சூடு, மெகர், எர்த், எந்தத் திருகு தளர்ந்திருந்தது என்பதெல்லாம். உள்தகடு திறந்திருக்கையில் போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டு செயலாளர் வீட்டில் இருக்கட்டும், செயலாளர் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு சேர்ந்து கைமாறட்டும்.

வேலை முடிந்த ஒரு வாரம் கழித்து, படி 1-ல் நின்ற அதே இரவு நேரத்தில், அதே இடங்களில் சூட்டை மறுபடி அளங்கள். முக்கியமாக அலுமினிய லக்குகளையும் நியூட்ரல் லிங்கையும். போன வாரம் 71 டிகிரி காட்டிய இடம் பக்கத்து இணைப்போடு சேர்ந்து 40-களுக்கு இறங்கியிருந்தால், அந்த எண்ணை நோட்டில் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். இறங்கவில்லை என்றால் மறுநாள் காலையில் படி 2-லிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.